கம்பளி ஏன் கடிக்கிறது? ஒரு பழைய புகாரின் வரலாறு

அக்கா மகள் ஜனவரியில் டொரான்டோ போகிறாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்குக் கரப்பான் தோல். கம்பளி பட்டால் போதும், கழுத்தெல்லாம் சிவந்துடும். "மாமா, எனக்குக் கம்பளி அலர்ஜி. ஸ்வெட்டர் இல்லாம அந்தக் குளிர்ல என்ன பண்றது?" என்று கேட்டாள். இதற்கு நம் வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "எல்லாரும் போடலையா, உனக்கு மட்டும் என்ன?" எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரலை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது எடுத்த குறிப்புகள் இவை.

கம்பளியைத் தோலோடு ஒட்டி உடுத்துவதை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த விலங்கியல் பேராசிரியர் குஸ்டாவ் யேகர். 1880 வாக்கில் அவர் சொன்னது: மனிதனும் ஒரு விலங்குதான்; அவனுக்கு விலங்கு ரோமமே ஏற்ற உடை; பருத்தி, லினன் போன்ற தாவர இழைகள் உடம்பின் கெட்ட ஆவிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பனியன், கால்சட்டையிலிருந்து படுக்கை விரிப்பு வரை எல்லாமே கம்பளி! 1884-ல் லூயிஸ் டோமலின் என்பவர் யேகர் பெயரிலேயே லண்டனில் கடை திறந்தார். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா அந்தக் கம்பளிப் பின்னல் உடுப்பை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார்.

கெட்ட ஆவி சமாச்சாரம் தப்பு. ஆனால் கம்பளியின் குணத்தை யேகர் அடியோடு தப்பாக எடைபோட்டார் என்று சொல்ல முடியாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை ஆவியாக உள்வாங்கியும் நனைந்த உணர்வு தராத இழை அது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கம்பளி எல்லா உடம்புக்கும் நல்லது என்று வைத்துவிட்டால், அரிக்கிறது என்று சொல்பவரின் உடம்பில்தான் கோளாறு என்றாகிவிடுகிறது.

நூறு வருஷம் கழித்து, 1980-ல், ஹனிஃபின், ராய்கா என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் கரப்பானைக் கண்டுபிடிப்பதற்கான அடையாளப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் துணை அடையாளங்களில் ஒன்று, கம்பளி ஒத்துக்கொள்ளாமை. நோயாளியின் புகார் ஒருவழியாக ஏட்டில் ஏறியது. ஆனாலும் பழி இன்னும் தோல் மேல்தான்.

1988-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கேள்வியைத் துணியின் பக்கம் திருப்பினார்கள். அவர்கள் கண்டது ரொம்ப எளிமையானது. பின்னல் துணியின் மேல் இழைகளின் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய நுனி தோலில் பட்டதும் வளைந்துவிடும். தடித்த நுனி வளையாமல் குத்தும். சுமார் 75 மில்லிகிராம் பாரத்தை வளையாமல் தாங்குகிற நுனிகள், தோலில் வலியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகின்றன. அந்த மாதிரி நுனிகள் பல ஒரே இடத்தில் சேர்ந்தால், அதுதான் நாம் சொல்கிற 'கடி'. இதற்கு அலர்ஜி தேவையே இல்லை.

கணக்கைப் பாருங்க. இழையின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் மடங்குப்படி ஏறும். 20 மைக்ரான் இழையைவிட 30 மைக்ரான் இழை ஒன்றரை மடங்குதான் தடிமன், ஆனால் விறைப்பு ஐந்து மடங்கு. கம்பளி வியாபாரத்தில் 30 மைக்ரானை எல்லைக்கோடாக வைப்பது இதனால்தான். அதைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் பலருக்கும் குத்த ஆரம்பிக்கும்.

2017-ல் மெல்போர்னில் கரப்பான் உள்ள 39 கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆறு வாரம் மிக மெல்லிய மெரினோ கம்பளி, ஆறு வாரம் பருத்தி என்று மாற்றி மாற்றி உடுத்திப் பார்த்தார்கள். கம்பளி போட்ட வாரங்களில்தான் கரப்பான் தணிந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் "கரப்பான்னா கம்பளியே கூடாது" என்ற பழைய விதியை அது அசைத்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று அந்த 1988 ஆய்விலேயே இருக்கிறது. உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் இந்தக் குத்தல் தெரியாது. அங்கே தோல் தடிமன். நாம கடையில் ஸ்வெட்டரை எதால் தொட்டுப் பார்க்கிறோம்? விரலால்! "மெத்துனு இருக்கே" என்று வாங்கிவந்து, வீட்டில் போட்டதும் கழுத்து எரியும்.

அக்கா மகளுக்கு எழுதியனுப்பியது இவ்வளவுதான். 'மெரினோ' என்ற பெயரை மட்டும் நம்பாதே, மைக்ரான் எண்ணைக் கேள். 18-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. விரலால் தடவாமல் கழுத்திலும் முழங்கையின் உள்பக்கத்திலும் சில நிமிஷம் வைத்துப் பார். வியர்த்த தோலில் குத்தல் கூடும், அதனால் வீட்டுக்குள் போனதும் கழற்றிவிடு. தடித்த ஸ்வெட்டர்தான் கிடைத்தது என்றால் உள்ளே கழுத்துவரை மூடும் பருத்திச் சட்டை போட்டுக்கொள். சாயமோ கம்பளியின் மெழுகோ நிஜமாகவே அலர்ஜியாகிறவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் கிளம்புவதற்கு முன் தோல் டாக்டரிடம் ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்.

"அப்போ நான் சும்மா சொல்லலைதானே மாமா?" என்று பதில் வந்தது. இல்லம்மா. நீ சொன்னது சரிதான். நாங்கதான் ஸ்வெட்டரை விட்டுட்டு உன்னையே குறை சொல்லிட்டிருந்தோம்.