நாடற்ற நங்கை கண்ட விரிசல்

உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! பதினைந்து குடியரசுகள்! நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள்! சோவியத்து ஒன்றியம் என்னும் அந்த மாளிகையைக் கண்டு வையம் வியந்து நின்றது. தேசிய இனச் சிக்கலைத் தீர்த்துவிட்டோம் என்று மாஸ்கோ மார்தட்டியது. அறிஞர் பலரும் ஆமென்று தலையசைத்தனர். தலையசைக்க மறுத்தார் ஒரு பெண்மணி.

அவர்தாம் பிரெஞ்சு வரலாற்றாசிரியை எலேன் கரேர் தாங்கோஸ். 1929-இல் பாரிசில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜியாவைத் துறந்து வந்த ஏதிலி. பிறந்தது பிரெஞ்சு மண்ணிலேயானாலும், 1950-இல் குடியுரிமை கிட்டும் வரை எந்நாடும் அவரைத் தன் மகளென்று ஏற்கவில்லை. நாடற்றிருந்த அந்த நங்கை, நாடுகள் ஆவதையும் அழிவதையும் ஆராயும் துறையையே தேர்ந்தார். நடு ஆசியப் புகாராவின் சீர்திருத்தமும் புரட்சியும் பற்றிய அவரது ஆய்வு 1966-இல் நூலாயிற்று.

1978-இல் ‘சிதறிய பேரரசு’ என்று பொருள்படும் தலைப்பில் நூலொன்று வெளியிட்டார். மேடை முழக்கங்களை ஒதுக்கிவிட்டு, மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினார். எந்த இனம் பெருகுகிறது? எவர் எம்மொழியைத் தாய்மொழி என்கின்றனர்? எண்கள் உண்மை உரைத்தன. இனங்கள் கரையவில்லை, தாய்மொழிகள் மறையவில்லை!

அவ்வாண்டே ஏப்ரல் 14-இல் சான்றொன்று தெருவுக்கு வந்தது. ஜார்ஜியாவின் புதிய அரசியல் சட்ட வரைவில் ஜார்ஜிய மொழிக்கிருந்த அரசுமொழித் தகுதி நீக்கப்பட்டிருந்தது. தலைநகர் திபிலிசியில் மாணவரும் மக்களும் திரண்டனர். ஆட்சி பணிந்தது, தகுதி மீண்டது.

பிரிந்து செல்லும் உரிமை 1977-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எழுதப்பட்டிருந்தது. எழுத்தில் இருந்த உரிமை வாழ்வில் இருந்ததா? இல்லை. 1991 டிசம்பரில் மாளிகை சரிந்தது.

எலேன் ஆரூடக்காரரல்லர். பெருகிவரும் நடு ஆசிய முசுலிம் மக்களே பெரிய அறைகூவலாவர் எனக் கருதினார். ஆனால் 1990 மார்ச்சில் விடுதலையை முதலில் அறிவித்தது பால்டிக் கரையின் லிதுவேனியா. இறுதியில் அறிவித்தது நடு ஆசியக் கசகசுத்தான். திசையில் பிழை நேர்ந்தது. நோய் எதுவென்று கண்டதில் பிழையில்லை.

1635-இல் தோன்றி, 1980 வரை பெண்ணொருத்தியையும் உறுப்பினராக்காத பிரெஞ்சு அகாதமி, 1990-இல் அவரைத் தேர்ந்தது. 1999-இல் அதன் நிலையான செயலாளரானார். அப்பதவியேறிய முதற்பெண் அவரே. நாடற்ற ஏதிலியின் மகள் பிரெஞ்சு மொழியின் காவலரானார்! ஆயினும் தம் பதவிப் பெயரை ஆண்பாலிலேயே வழங்க வேண்டுமென்று வற்புறுத்தினார். பழமையின் கதவைத் திறந்தவரே அதன் தாழ்ப்பாளைப் போற்றிய விந்தை இது! 2023-இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு. ஒரு மக்களின் மொழியை மதியாத ஒற்றுமை, எத்துணைப் படை காத்து நின்றாலும் நிலைக்காது. ஆள்வோர் சுவருக்கு வண்ணம் பூசலாம்; விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும்.