குறைபாடுள்ள வாகனமும் நுகர்வோர் உரிமையும்

புதிதாக வாங்கிய கார் ஒரே பழுதுக்காகத் திரும்பத் திரும்ப சர்வீஸ் சென்டருக்குப் போனால், அதை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துவது ‘லெமன் சட்டம்’. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இல் இதை முதலில் இயற்றியது. ஒரே பழுதை 4 முறை பார்த்தும் தீராவிட்டால், அல்லது வண்டி 30 நாள் பணிமனையில் கிடந்தால், பழுது நீக்கப் போதிய முயற்சி செய்தாயிற்று என்றே அச்சட்டம் கருதும். இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமே வழி. ஆனால் இங்கே வாங்கியவருக்குச் சட்டத்தைவிட நடுநிலையான சோதனையே பெரிய தேவை.

இத்தேவையைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் சோழர் காலத்திலேயே உணர்ந்திருந்தது. குடவோலைக் கல்வெட்டுகளால் (919, 921) புகழ்பெற்ற அவ்வூரில், பொன்னின் மாற்றுப் பார்ப்போரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்த முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டும் உண்டு. சோதிப்பவர் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும். சோதனையில் பொன் துகள் ஒட்டிய மெழுகைத் தாமே வைத்துக்கொள்ளாமல், ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். சோதிப்பவருக்குச் சோதனைப் பொருளில் ஆதாயம் இருக்கலாகாது என்பதே அவ்விதியின் உயிர்.

இன்றைய கார் வழக்கில் அத்தகைய நடுநிலைச் சோதனையாளரின் இடம் ஏறக்குறைய காலியாக உள்ளது. உத்தரவாதம் உறுப்பை மாற்றித் தருவதாக மட்டும் சொன்னால் முழுக் காரையும் மாற்றக் கோர முடியாது என மாருதி உத்யோக் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலும், வாங்கியவர்தான் உற்பத்திக் குறைபாட்டை நிரூபித்தாக வேண்டும். புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் வண்டியை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கலாம். ஆனால் கட்டணத்தைப் புகார்தாரரே முன்கூட்டிக் கட்டும்படி சொல்லலாம். தவணை கட்டிக்கொண்டிருக்கும் விவசாயிக்கு இது இரட்டைச் சுமை. உத்திரமேரூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. இத்தகைய மையங்களை நுகர்வோர் வழக்குகளுக்குத் திறந்துவிட்டு, முதற்செலவை அரசு ஏற்பதே நியாயம். வீண் புகார்கள் பெருகும், ஓட்டியவர் தவறுக்கும் நிறுவனம் பழி சுமக்கும் என்பர். ஆனால் எந்த வண்டியைச் சோதனைக்கு அனுப்புவது என்பதை ஆணையமே முடிவு செய்யும். புகார் பொய்யென்று தெரிந்தால் செலவைத் திரும்ப வசூலிக்கலாம். தவறு ஓட்டியவருடையது என்றால் அதையும் அதே சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

அதுவரை வாங்கியவர் கையிலுள்ள வலுவான சான்று, சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டு. தேதி, ஓடிய கிலோமீட்டர், சொன்ன குறை மூன்றும் அதில் பதிவாகாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது. பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் லோடு ஆட்டோ வைத்திருப்பவரும் நுகர்வோரே. சுயதொழிலுக்கு வாங்கிய பொருள் வணிக நோக்கில் அடங்காது என்பது, கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்தரப்பாக இருந்த 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தெளிவானது.

தற்போது 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய வாகனத்துக்கு மாவட்ட ஆணையத்தில், குடியிருக்கும் இடத்திலிருந்தே, 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பழுதான வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரமும் 2021 முதல் மத்திய அரசுக்கு உண்டு.