குண்டசாலையின் புதல்வர் முத்தையா முரளிதரன்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் அருகே அமைந்தது குண்டசாலை. கண்டி இராச்சியத்தின் இறுதிச் சிங்கள மன்னனாகிய நரேந்திரசிங்கன் மாளிகை அமைத்து வாழ்ந்த ஊர் அது. பட்டத்துக்குரிய மைந்தனின்றி அவன் 1739ஆம் ஆண்டில் மறைந்தபோது, மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறினான். அரசுரிமை பெற்றுத் தென்னாட்டவர் வந்த அதே மலைநாட்டுக்கு, பிற்காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் உழைக்க வேறொரு கூட்டத்தார் வந்தனர். அவர்கள் கொண்டு வந்த செல்வம் உழைப்பு ஒன்றே.

அவ்வாறு 1920ஆம் ஆண்டில் வந்தவர்களுள் ஒருவர் பெரியசாமி சின்னசாமி. அவர் பின்னாளில் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பினார். அவருடைய மைந்தர்களோ இலங்கையிலேயே தங்கினர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. இக்காலத்திலேதான் சின்னசாமியின் மைந்தர் முத்தையா குண்டசாலையை அடுத்த நத்தரம்பொத்தையில் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அவருக்கு மூத்த மகனாகப் பிறந்தவரே முத்தையா முரளிதரன். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அத்தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. குடும்பத்தார் ஊரைவிட்டுப் பெயரவில்லை. மீண்டும் தொழிலை நிறுவினர்.

கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் முரளிதரன் முதலில் மிதவேகப் பந்து வீசினார். பதினான்காம் வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரைப்படி சுழற்பந்துக்கு மாறினார். வலக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பந்தை உட்புறமாகத் திருப்புவதற்கு விரல்களையே நம்புவது வழக்கம். முரளிதரனோ மணிக்கட்டையும் சேர்த்துச் சுழற்றினார். ஆதலால், ஏனையோருக்கு இசையாத ஆடுகளத்திலும் அவருடைய பந்து திரும்பியது. கொழும்பிலே தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்த அவர், 1992 ஓகஸ்ற் 28ஆம் நாள் கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ற் ஆட்டத்தைத் தொடங்கினார்.

அவருடைய வாழ்வின் பெருஞ்சோதனை 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேணில் வந்தது. நடுவர் டறெல் ஹெயர், முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் எனக் கூறி, ஏழு பந்துகளை முறையற்றவையென அறிவித்தார். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கு நின்ற நடுவரோ எந்தத் தவறும் காணவில்லை. ஒரே கை, ஒரே நாள், இரு தீர்ப்பு!

இங்கே விதியின் உட்பொருளை நாம் அறிதல் வேண்டும். கையை வளைத்து வீசுவதைக் கிரிக்கெற் விதி தடை செய்யவில்லை. வீசும் வேளையில் வளைந்த முழங்கையை நிமிர்த்துவதையே தடை செய்கிறது. முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. 1996ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அக்கை ஆராயப்பட்டது. அவர் எறிவது போன்ற தோற்றம் பார்வை மயக்கமே என முடிவாயிற்று. ஆயினும் 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் நடுவர் றொஸ் எமேர்சன் மீண்டும் குற்றம் கூறினார். ரணதுங்க தம் அணியை மைதான எல்லைவரை அழைத்துச் சென்றார். ஆட்டம் பின்னர் தொடர்ந்தது. இலங்கை ஒரு விக்கெற்றினால் வென்றது.

காலம் செல்ல, நுண்ணிய ஒளிப்படக் கருவிகள் வேறொரு செய்தியையும் உணர்த்தின. குற்றமற்றவரென எல்லோரும் கருதிய வேகப் பந்து வீச்சாளரின் முழங்கைகளும் ஓரளவு நிமிர்ந்தே வந்தன. ஆகவே 2005ஆம் ஆண்டு முதல் சர்வதேச கிரிக்கெற் பேரவை அனைவருக்கும் பொதுவாக 15 பாகை எல்லையை வகுத்தது. ஒருவருக்காக விதி வளைந்தது என்று கூறுவாரும் உளர். எல்லோரையும் அளந்த பின்னரே அவ்விதி பிறந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஐயத்தின் நடுவேயும் அவர் ஆட்டம் தளரவில்லை. 1956ஆம் ஆண்டில் ஜிம் லேக்கர் மான்செஸ்ரரில் ஒரே டெஸ்ற்றில் 19 விக்கெற்றுக்களை வீழ்த்தியமை உலகப் புகழ்பெற்றது. அந்த இங்கிலாந்து மண்ணிலேயே, 1998ஆம் ஆண்டு ஓவல் மைதானத்தில் முரளிதரன் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெற்றுக்களை எடுத்தார். 2007 டிசம்பர் 3ஆம் நாள் கண்டி அஸ்கிரியவில் போல் கொலிங்வூட்டை வீழ்த்தி, ஷேன் வோர்ணின் 708 என்ற எல்லையைக் கடந்தார். சொந்த ஊரவர் முன்னிலையிலேயே அப்பேறு கிட்டியது.

2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராக நடக்கும் ஆட்டமே தம் இறுதி டெஸ்ற் என முன்னரே அறிவித்தார். அப்போது அவர் பெற்றிருந்தவை 792. எட்டு விக்கெற்றுக்கள் கிட்டாவிடினும் முடிவை மாற்றுவதில்லை எனத் துணிந்தே களம் புகுந்தார். ஜூலை 22ஆம் நாள் இந்தியாவின் இறுதி ஆட்டக்காரர் பிரக்யன் ஓஜா அடித்த பந்து மஹேல ஜயவர்தனவின் கையில் விழுந்தது. அதுவே 800ஆவது. 133 டெஸ்ற் ஆட்டங்களில் ஈட்டிய அத்தொகையை எவரும் இன்றுவரை எட்டவில்லை.

அதே 2010ஆம் ஆண்டு டிசம்பரில் குண்டசாலைப் பகுதியைச் சேர்ந்த பல்லேகலை மைதானத்தில் முதல் டெஸ்ற் ஆட்டம் நடந்தது. தம் வீட்டுக்கு அணித்தான அக்களத்தில் டெஸ்ற் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் ஒன்று நிலைத்தது. குடியுரிமையே ஐயத்துக்குள்ளான மக்களிடையே பிறந்தவர், தம் கையும் ஐயத்துக்குள்ளான காலத்தில் அதனை அளவைக்கு உட்படுத்தி, அந்நாட்டின் பெயரையே உலக ஏட்டின் முதல் வரியில் எழுதினார். மலைநாட்டு வரலாற்றை எழுதுவோர் மறத்தற்கரிய செய்தி இது.