மூலை தாண்டுதல்

நான்கு சதுர நிலங்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு அரசுக்குச் சொந்தம். மற்ற இரண்டு தனியாருக்கு. ஓர் அரசு நிலத்திலிருந்து மற்றொன்றுக்கு, தனியார் மண்ணில் கால் படாமல், அந்தப் புள்ளியைத் தாண்டிப் போவதே மூலை தாண்டுதல். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், முதன்மையாக வயோமிங்கிலும் மொன்டானாவிலும், வேட்டைக்காரர்களும் கால்நடைப் பண்ணையாளர்களும் மோதிக்கொள்ளும் இடம் இது. புள்ளிக்கு அகலம் கிடையாது, ஆளுக்கு உண்டு. தாண்டுபவரின் தோளோ முழங்கையோ கணநேரமாவது தனியார் நிலத்துக்கு மேலுள்ள காற்றில் புகுந்தே தீரும். அது அத்துமீறலா என்பதுதான் வழக்கு.

மேற்கு மாநிலங்களில் மூலை தாண்டினால் மட்டுமே எட்டக்கூடிய பொது நிலம் சுமார் 83 லட்சம் ஏக்கர் என்றும், அத்தகைய மூலைகள் 27,120 என்றும் ஆன்எக்ஸ் என்ற கைபேசி வரைபட நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. எதை அடைபட்ட நிலம் என்று கொள்வது என்பதைப் பொறுத்து மற்றவர்களின் கணக்குகள் மாறுபடுகின்றன.

இந்தச் சதுரங்கள் 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தில் பிறந்தவை. புதிதாகக் குடியேறும் நிலம் முழுவதையும் ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட டவுன்ஷிப்புகளாகவும், ஒவ்வொன்றையும் 36 செக்‌ஷன்களாகவும் பிரிக்க அது வழி செய்தது. ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அளப்பதற்கு 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உள்ள குன்டர் சங்கிலி பயன்பட்டது. தமிழகத்தின் பழைய புல வரைபடங்களில் ‘லிங்க்ஸ்’ என்று அளவு குறித்திருப்பதும் இதே சங்கிலியின் கண்ணிகளைத்தான். மூலைகளில் நடப்பட்ட கற்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லின் தெற்கு விளிம்பிலும் கிழக்கு விளிம்பிலும் உளியால் வெட்டுகள் போடுவார்கள். தெற்கில் மூன்று வெட்டு, கிழக்கில் இரண்டு வெட்டு இருந்தால், டவுன்ஷிப்பின் தெற்கு எல்லை மூன்று மைலிலும் கிழக்கு எல்லை இரண்டு மைலிலும் இருக்கிறது என்று பொருள். திசை தெரிந்தவர் கையால் தடவியே தான் நிற்கும் இடத்தை அறியலாம். பின்னாளில் கல்லுக்குப் பதிலாகப் பித்தளை மூடி பதித்த இரும்புக் குழாய் வந்தது. கல்லானாலும் குழாயானாலும் அதைப் பெயர்ப்பது குற்றம்.

சதுரங்களுக்கு முன்பு இது க்ரோ, ஷோஷோனி, அரபாஹோ முதலிய மக்களின் வேட்டை நிலம். ஆளில்லா அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமையை 1868-ஆம் ஆண்டின் உடன்படிக்கை க்ரோ மக்களுக்கு உறுதி செய்தது. வயோமிங் மாநிலமானதால் அந்த உரிமை அழிந்துவிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல்தான் சொன்னது.

சதுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கு போட்டது ரயில். 1850-இல் இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதைக்கு இந்த முறையில் நிலம் கொடுக்கப்பட்டது. கண்டத்தின் குறுக்கே பாதை போட 1862-இல் இயற்றப்பட்ட பசிபிக் ரயில் சட்டம் அதையே பெரிதாக்கியது: பாதையின் இருபுறமும் பத்து மைல் வரை ஒற்றைப்படை எண் கொண்ட செக்‌ஷன்கள் ரயில் கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசுக்கு. 1864-இல் அது இருபுறமும் இருபது மைலாகியது. தெற்கு வயோமிங்கின் குறுக்கே நாற்பது மைல் அகலத்துக்கு ஒரு சதுரங்கப் பலகை விரிந்தது இப்படித்தான். கறுப்புக் கட்டம் ஒருவருக்கு, வெள்ளைக் கட்டம் இன்னொருவருக்கு. மொன்டானாவில் நார்தர்ன் பசிபிக் கம்பெனிக்குக் கிடைத்த மானியம் இன்னும் பெரியது.

ஏன் ஒன்றுவிட்டு ஒன்று? ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும், ஏக்கர் 1.25 டாலருக்கு விற்றதை அரசு 2.50-க்கு விற்கலாம், பாதி நிலத்தைக் கொடுத்தும் கருவூலத்துக்கு நட்டமில்லை என்பது கணக்கு. குடியேறிகள் வந்து இரட்டைப்படைச் சதுரங்களை வாங்கி நிரப்பிவிடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. மழை பொய்க்கும் மேட்டு நிலத்தில் அது பலிக்கவில்லை. குடியேற்றச் சட்டம் கொடுத்த 160 ஏக்கரில் அங்கே ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. மேய்ச்சல் நிலமாக 2,560 ஏக்கராவது வேண்டும் என்று நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-இல் அறிக்கை எழுதினார். கேட்பாரில்லை. இரட்டைப்படைச் சதுரங்கள் அரசிடமே தங்கின. அவற்றுக்குப் போகும் வழியை 1862-இல் யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்த வழக்குகளுக்கெல்லாம் வேர் அந்த விடுபடல்தான்.

ஜோசப் கிளிடன் 1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அந்த வெளிகளில் வேலி போட மரமும் இல்லை, கல்லும் போதவில்லை. சில ஆண்டுகளுக்குள் பெரிய மாட்டுக் கம்பெனிகள் ரயில் கம்பெனியின் ஒற்றைப்படைச் சதுரங்களை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ சுற்றிலும் கம்பி இழுத்தன. உள்ளே சிக்கிய அரசு நிலம் காசில்லாமல் கிடைத்தது. குடியேற வந்தவரும் ஆடு ஓட்டி வந்தவரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். புகார்கள் வாஷிங்டனில் குவிந்தன. 1885 பிப்ரவரியில் சட்டவிரோத அடைப்புச் சட்டம் வந்தது. உரிமையில்லாமல் பொது நிலத்தை அடைப்பதை அது தடுத்தது. வேலியாலோ மிரட்டலாலோ வேறு முறைகேடான வழியாலோ பொது நிலத்துக்குள் போவோரை மறிப்பதையும் தடுத்தது. அதே ஆகஸ்டில் அதிபர் கிளீவ்லாந்து வேலிகளை அகற்றச் சொல்லிப் பிரகடனம் வெளியிட்டார்.

முதலில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவை ஆடுகள். யூட்டாவில் ரயில் நிலங்களை வாங்கிய பண்ணையாளர்கள், ஆட்டு மந்தைகள் அந்த வெளியில் நுழையவே கூடாது என்று தடை கேட்டார்கள். பொது நிலத்தில் மேய்ப்பது நூறாண்டு வழக்கம், தன் சதுரத்தைக் காட்டி அடுத்த சதுரத்தையும் பூட்ட முடியாது என்று 1890-இல் அந்தத் தடை மறுக்கப்பட்டது. இது பியூஃபோர்டு எதிர் ஹவுட்ஸ் வழக்கு.

அடுத்தது கொலராடோவின் கேம்ஃபீல்டு வழக்கு. நில அளவை தெரிந்த மூளை ஒன்று அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். டேனியல் கேம்ஃபீல்டு தன் ஒற்றைப்படைச் சதுரங்களுக்குள்ளேயே, எல்லைக் கோட்டை ஒட்டி வேலி போட்டார். ஒரு கம்பம்கூட அரசு மண்ணில் இல்லை. ஆனால் அந்த வேலி சுமார் 20,000 ஏக்கர் அரசு நிலத்தை வளைத்துக்கொண்டது. என் மண்ணில் நான் வேலி போடக் கூடாதா என்ற அவருடைய கேள்விக்கு, 1897-இல் நீதிபதி ஹென்றி பிரௌன் எழுதிய தீர்ப்பு பதில் சொன்னது: கம்பம் எங்கே நிற்கிறது என்பதைவிட வேலி எதை அடைக்கிறது என்பதே முக்கியம். வேலியை அகற்றும் ஆணை உறுதியானது.

சட்டம் ஒன்று, அமலாக்கம் ஒன்றாக இருந்ததற்கு நெப்ராஸ்காவின் ஸ்பேட் பண்ணை சாட்சி. அதன் உரிமையாளர்கள் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸும் வில் காம்ஸ்டாக்கும் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் அரசு நிலத்தை அடைத்ததாக 1905-இல் ஒப்புக்கொண்டார்கள். தலைக்கு 300 டாலர் அபராதமும் ஆறு மணி நேரக் காவலும் தண்டனையாகக் கிடைத்தன. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கொதித்துப்போய் அந்த மாவட்டத்து அரசு வழக்கறிஞரையும் மார்ஷலையும் பதவிநீக்கம் செய்தார். வேறொரு வழக்கில் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ரிச்சர்ட்ஸ் 1911-இல் காவலில் இருக்கும்போதே இறந்தார்.

வயோமிங்கில் மெக்கே என்ற ஆட்டு மந்தைக்காரர் கோடை மேய்ச்சலிலிருந்து குளிர்கால மேய்ச்சலுக்கு மந்தையைச் சதுரங்களின் ஊடாக ஓட்டிச் சென்றார். யூயின்டா டெவலப்மென்ட் கம்பெனி அத்துமீறல் என்று வழக்குப் போட்டது. ஆடு கோடு பார்த்து நடக்காது. போகிற போக்கில் ஒரு வாய் புல்லும் கடிக்கும். வேறு வழியே இல்லாத இடத்தில் நியாயமான அளவில் கடந்து போவதை மறிக்க முடியாது என்று எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1914-இல் மெக்கே பக்கம் நின்றது. அன்று வயோமிங் எட்டாவது வட்டாரத்தில் இருந்தது. பத்தாவது வட்டாரம் 1929-இல்தான் பிறந்தது. மந்தைக்காரர் ஒருவரின் இந்த வழக்கு நூறாண்டுக்குப் பின் வேட்டைக்காரர்களுக்கு உதவப் போகிறது என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

அடுத்த அறுபது ஆண்டுகளில் 1934-ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டமும், 1946-இல் அமைந்த நில மேலாண்மைப் பணியகமும் பொது நிலத்தின் மேய்ச்சலை அனுமதிச் சீட்டின்கீழ் கொண்டுவந்தன.

அதே 1946-இல், மேற்குக்குத் தொடர்பே இல்லாத ஒரு கோழிப் பண்ணை வழக்கு வந்தது. வட கரோலினாவில் ராணுவ விமானங்கள் கூரையை உரசுவதுபோல் தாழப் பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. நிலத்துக்குச் சொந்தக்காரர் வானம் வரை சொந்தக்காரர் என்ற பழைய கொள்கை இக்காலத்துக்குப் பொருந்தாது, ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு காற்றும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் அந்தக் காஸ்பி வழக்கில் கூறியது. மூலையின் காற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரு தரப்பிலும் இந்தக் கோழிகளைத் துணைக்கு அழைக்கிறார்கள்.

1979-இல் காற்று பண்ணையாளர் பக்கம் வீசியது. வயோமிங்கின் செமினோ நீர்த்தேக்கத்துக்கு மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் போகிறவர்களை லியோ ஆட்டுக் கம்பெனி மறித்தது, அல்லது கட்டணம் கேட்டது. மத்திய அரசு கம்பெனி நிலத்தின் வழியே ஒரு மண் பாதை போட்டது. 1862-இல் நிலத்தைக் கொடுத்தபோது அரசு தனக்கென வழிநடை பாத்தியம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை, இல்லாத உரிமையை இப்போது உண்டாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட் அதில் பெரும்பகுதியை ரயில்பாதையின் வரலாற்றுக்கே கொடுத்திருக்கிறார். 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தத் தீர்ப்பு எந்த அளவுக்குச் சுருக்கியது என்பதில் சட்ட அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை.

அந்தச் சட்டத்துக்கு உயிர் இருப்பதைக் காட்டியவை பிராங்ஹார்ன் மறிமான்கள். வயோமிங்கின் ரெட் ரிம் பகுதியில் ஒரு பண்ணையாளர் போட்ட 28 மைல் வேலி 9,600 ஏக்கருக்கு மேல் பொது நிலத்தை வளைத்தது. அது மான்களின் குளிர்கால மேய்ச்சல். பிராங்ஹார்ன் காற்றாய் ஓடும், வேலியைத் தாண்டத் தயங்கும். கம்பிக்கு அடியில் நுழையத்தான் பார்க்கும். 1983-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் அவை வேலியோரம் கூட்டமாகத் தேங்கிப் பட்டினியில் மடிந்தன. மான்கள் போய்வர வழிவிட வேண்டும் என்ற ஆணையைப் பத்தாவது வட்டார நீதிமன்றம் 1988-இல் உறுதி செய்தது. மனிதரின் நில வழக்கில் விலங்குக்கு வழி கிடைத்த அரிய தீர்ப்பு இது.

காட்டு விலங்கு நிலச் சொந்தக்காரருக்கு உரியதல்ல, மக்கள் சார்பில் மாநிலத்தின் பொறுப்பில் உள்ளது என்பது அமெரிக்க வேட்டைச் சட்டத்தின் அடிப்படை. எல்க் மான் பொது, அது நிற்கும் மலைச்சரிவும் பொது; போகும் பாதை மட்டும் பூட்டு. வேட்டைக்காரரின் ஆற்றாமை இதுதான். பண்ணையாளருக்கும் சொல்ல நிறைய உண்டு: திறந்துவிட்டுப் போன கதவுகள், மிரண்டு சிதறும் மாடுகள், வண்டிச் சக்கரத்தில் ஒட்டி வரும் களை விதைகள். நிலத்தைத் திறந்துவிடும் பண்ணையாளருக்கு மாநிலமே ஈடு கொடுக்கும் பிளாக் மேனேஜ்மென்ட் திட்டம் 1985 முதல் மொன்டானாவில் உள்ளது.

கைபேசி வரைபடம் வந்தபின் நிலைமை மாறியது. நான்கு நிலங்கள் கூடும் இடத்தை முன்பு கல்லைத் தேடித்தான் காண வேண்டும். இப்போது திரை காட்டியது. 2020-இல் மிசூரி மாநிலத்து வேட்டைக்காரர்கள் சிலர் வயோமிங்கின் கார்பன் கவுன்டியில், 11,156 அடி உயர எல்க் மலையில் ஒரு பித்தளை மூடியைத் தேடி வந்தார்கள். மலையைச் சுற்றியுள்ள 22,000 ஏக்கர் பண்ணை அயர்ன் பார் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துடையது. மூலையில் இரண்டு இரும்புக் கம்பங்கள், இடையே பூட்டிய சங்கிலி, நுழையாதே என்ற பலகை. வேலி என்று வேறெதுவும் இல்லை. கம்பத்தைப் பிடித்துச் சுழன்று அடுத்த பொது நிலத்தில் கால் வைத்தார்கள். மறு ஆண்டு நான்கு பேராக வந்தபோது, கம்பங்களின் மேலாக ஏறி இறங்கத் தோதாகச் செய்த எஃகு ஏணி ஒன்றும் உடன் வந்தது. தனியார் கம்பத்தையும் தொடாமல், மண்ணையும் மிதிக்காமல் போவதற்கென்றே வடித்த ஏணி. சட்ட வாதம் ஒன்றை இரும்பில் அடித்துச் செய்தது என்று அதைச் சொல்வது மிகையாகாது.

அத்துமீறல் குற்றச்சாட்டிலிருந்து ராலின்ஸ் ஊரில் ஜூரி 2022 ஏப்ரலில் நால்வரையும் விடுவித்தது. நிறுவனம் தனியே சிவில் வழக்கும் தொடுத்து, பண்ணையின் மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறையும் என்று வாதிட்டது. அந்தக் கணக்கை எதிர்த்தரப்பு ஏற்கவில்லை. 2023 மே மாதம் நீதிபதி ஸ்காட் ஸ்காவ்டாலும், 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார நீதிமன்றமும் வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர் டிமத்தி டிம்கோவிச். வயோமிங் சட்டப்படி பார்த்தால் இது காற்றில் நடந்த அத்துமீறல்தான் என்று ஒப்புக்கொண்ட அவர், 1885-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதற்கு மேற்பட்டது என்றார். மெக்கேயின் ஆடுகளும் ரெட் ரிம் மான்களும் அந்தத் தீர்ப்பில் முன்னுதாரணங்களாக வருகின்றன.

நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் மறுத்தது. தீர்ப்பு பத்தாவது வட்டாரத்தின் ஆறு மாநிலங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது: வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா. மொன்டானா ஒன்பதாவது வட்டாரத்தைச் சேர்ந்தது. மூலை தாண்டுவது தன் எல்லைக்குள் இன்னும் சட்டவிரோதமே என்பது அந்த மாநில வனவிலங்குத் துறையின் நிலைப்பாடு.