டங்ஸ்டன் பாடமும் அரிட்டாபட்டி பாடமும்

பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்தில் குண்டு பல்பைத் தூக்கிக் காட்டி, "உள்ளே இருக்கிற இழை டங்ஸ்டன். 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும்" என்று சொல்வேன். அது நம் மேலூர் மண்ணுக்கடியிலும் இருக்கலாம் என்று அப்போது தெரியாது. ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, 2024 நவம்பரில் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மதுரையிலிருந்து மேலூர் சாலையில் போய் இடப்பக்கம் பிரிந்தால் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். கழிஞ்சமலைக் குகையில் 2,200 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலில் அபூர்வமான இலகுலீசர் சிற்பம் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. வல்லூறுகள் உட்பட 250 வகைப் பறவைகள், 200 சுனைகள், 72 ஏரிகள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே, 2023-ல், கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்குப் போனது. சுத்த மின்சாரம், மின்னணுப் பொருள்கள், ராணுவம் எல்லாவற்றுக்கும் இத்தகைய கனிமங்கள் வேண்டும் என்பது காரணம். 2024 நவம்பர் 7 அன்று, 2,015 ஹெக்டேர் கொண்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு என்று அறிவிப்பு வந்தது. பல்லுயிர்த் தலமும் அதற்குள்தான் இருந்தது.

மேலூர்க்காரர்களுக்கு மலை போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்டதையும், 2014-ல் உயர் நீதிமன்றம் சகாயம் அவர்களை விசாரணைக்கு நியமித்ததையும் பார்த்தவர்கள் அவர்கள். நவம்பர் 23 கிராம சபைகளில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது.

டிசம்பர் கடைசியில் மத்திய அரசு, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கலாமா என்று மறு ஆய்வு செய்யச் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நம் ஊர்க் கண்மாய்கள் தனித்தனியாக இல்லையே! பாறையில் விழும் மழை ஓடையாகி முதல் கண்மாய்க்கு வருகிறது. அது நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகிறது. நடுவில் ஒரு பள்ளம் தோண்டினால் கீழே இருக்கிற வயல் எல்லாம் காயும். மலையை வைத்துக்கொள், வரத்துக் காலை விட்டுக்கொடு என்றால் சம்சாரி எப்படி ஒப்புவான்? 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கானோர், பெண்களும் பெரியவர்களுமாகத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் முழுவதும் ரத்தானது.

"சுத்த மின்சாரம் வேண்டும் என்கிறீர்கள், சுரங்கம் மட்டும் வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைச் சொன்னேன். அந்த ஊராட்சி 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. ஊருக்கு வேண்டியது போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தது. அங்கே காற்றாலையை எதிர்த்து யாரும் ஊர்வலம் போகவில்லை. ஊரே கூடி முடிவு செய்தது, லாபமும் ஊருக்கே வந்தது.

அரிட்டாபட்டியில் யாரும் ஊரைக் கேட்கவில்லை. லாபம் வேறெங்கோ போகும், வறண்ட கண்மாய் மட்டும் இவர்களுக்கு மிஞ்சும். காலநிலை நீதி என்று இப்போது பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். எனக்குப் புரிந்தவரை அது இவ்வளவுதான்: உலகத்துக்கு நல்லது என்று எதைக் கொண்டுவந்தாலும், அதற்கு விலை கொடுக்கப் போகிறவனை முதலில் கேட்க வேண்டும்.

மழை பெய்து கண்மாய் நிறைந்திருக்கிற சமயம் ஒருமுறை அரிட்டாபட்டி போய் வாருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் மலை ஏற வேண்டாம், கரையில் உட்கார்ந்தாலே போதும்.