தெளிந்த நீரும் தூய நீரும்



மேரு வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் நாங்கள், மழைக்காலத்தில் வருகைப் பதிவேட்டைக் கவலையோடு திறந்ததுண்டு. "தம்பிக்கு வயிற்றாலே போகிறது, சார்" என்பாள் அக்காள். "என்ன தண்ணீர் குடித்தான்?" என்று கேட்டால், "கண்ணாடி மாதிரித் தெளிவான தண்ணீர்தான், சார்" என்பாள்.

தெளிந்த நீர் வேறு; தூய நீர் வேறு. மனிதர் இதைக் கற்றுக்கொண்ட வரலாற்றை இன்று காண்போம்.

கலங்கல் நீரைத் தெளிவிக்கும் முறையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரைத்து நீர் ஊற்றி வைத்தால், சேறு திரண்டு அடியில் படியும். சங்க நூலான கலித்தொகையிலேயே இச்செய்தி உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இதனால் முற்றும் நீங்கிவிடுவதில்லை.

1854இல் லண்டனில் காலரா பரவியது. இறந்தோரில் பெரும்பாலோர் பிராட் தெரு அடிகுழாயின் நீரைக் குடித்தவர்கள் என்று ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் கண்டார். அந்நீரின் சுவையை விரும்பிய ஓர் அம்மையார், தொலைவிலிருந்தும் அதைத் தருவித்துக் குடித்து மாண்டார். ஸ்னோவின் சொற்படி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. 1884இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர், கல்கத்தாக் குளத்து நீரில் காலராக் கிருமியையே கண்டார்.

பின்னர் நம் பாட்டன் பாட்டிமார் பலர் கப்பலேறி இங்கு வந்தனர். கிள்ளான் துறைமுகம் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம். அங்கே நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே தோட்டம் சென்றனர். லயங்களில் பலருக்குக் கிணறும் ஓடையுமே கதி. இன்றோ, தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய் நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

ஆயினும் குழாய் நிற்கும் நாளும் உண்டு. 2021 டிசம்பரில் கண்டதுபோல் வெள்ளம் சூழும் நாளும் உண்டு. அப்போது என்ன செய்வது?

முதலில் வடிகட்டுங்கள். வங்காளதேசக் கிராமங்களில் பெண்கள் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்தனர். அங்கே காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மீதிப் பாதிக்கு அடுப்புதான் துணை. நீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள். மூடி ஆறவையுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள். ஒன்றை மறவாதீர்கள்: பூச்சிமருந்தோ எண்ணெயோ கலந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் குடிக்கலாகாது.

சேலைத் துண்டுக்குச் செலவில்லை; கொதிக்க வைக்கச் சிறிது எரிபொருளே போதும். ஆனால் பிள்ளையின் உயிருக்கு விலை ஏது?