அறுந்துபோன மெல்லிய கம்பி

தியானப் பகுதி: எரேமியா 18:1-6



சில வாரங்களுக்கு முன் ஆலயத்தின் பொருளறையைச் சுத்தம் செய்தபோது, உறைக்குள் கிடந்த பழைய பேஸ் கிட்டார் ஒன்று வெளியே வந்தது. உங்களில் மூத்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையின் நடுவே அது ஊமையானது. "காயில் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்வோம்" என்று அன்றே முடிவு செய்தோம். அந்த முடிவில் எனக்கும் பங்குண்டு. அதை வாசித்து வந்த சகோதரர் சில மாதங்களில் ஆராதனைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். கருவியைக் குறித்துக் கமிட்டி கூட்டிப் பேசிய நாம், அவரைக் குறித்து ஒரு நாளும் கூடிப் பேசவில்லை.

அந்தக் கருவிக்குள் இருக்கும் காயிலின் வரலாறு, நாம் அறியவேண்டிய ஒரு விசுவாசியிடமிருந்து தொடங்குகிறது. மைக்கேல் ஃபாரடே இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்றவர். சாண்டிமேனியர் என்னும் சிறிய கிறிஸ்தவ சபையில் மூப்பராகவும் பணியாற்றியவர். 1831 ஆகஸ்டு 29 அன்று அவர் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் செப்புக் கம்பியைச் சுற்றிச் சோதனை செய்தார். ஒரு சுற்றும் மற்றொன்றைத் தொடாதபடி துணியையும் நூலையும் இடையில் வைத்துப் பொறுமையோடு சுற்றினார். காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது என்பதை அந்த வளையம் உலகுக்குக் காட்டிற்று. நம்முடைய வயல்களின் மோட்டாரும், தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரும் அந்தச் சுருளின் வழிவந்தவையே.

நூறு ஆண்டுகள் கழித்து, 1931-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் போஷாம் என்ற இசைக்கலைஞர் அதே உண்மையைக் கிட்டாருக்குள் கொண்டுவந்தார். எஃகுத் தந்திகளின் கீழே ஒரு காயில். தந்திகளைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் இரண்டு காந்தங்கள். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. காயிலில் நுண்ணிய மின்சாரம் எழுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்குகிறது. முதல் காயிலைச் சுற்றத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. இப்படி ஒரு கருவி இயங்குமா என்று காப்புரிமை அலுவலகமே ஐயம் கொண்டது. 1937-இல்தான் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஆந்திரத்தின் பாலக்கொல்லுவில் பிறந்த யு. ஸ்ரீனிவாஸ், மாண்டலினில் மின்னிசையைச் சேர்த்து, இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக் கர்நாடக இசையை வாசித்தார். சட்டென்று அடங்கிவிடும் மாண்டலினின் ஓசை, கமகங்களைத் தாங்கும் அளவுக்கு நீண்டு ஒலித்தது. 1981-இல் சிறுவனாகச் சென்னை மேடையேறிய அவரை ரசிகர்கள் வியந்து கேட்டார்கள்.

பிரியமானவர்களே, இந்தக் காயில்களைச் சுற்றிய கைகளையும் நினைத்துப் பாருங்கள். ரேடியோ பழுதுபார்ப்பவராக இருந்த லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் தொடங்கிய தொழிற்சாலையில், அபிகேல் இபார்ரா என்ற பெண்மணி 1956-இல் வேலைக்குச் சேர்ந்தார். ஓடும் இயந்திரத்தின் முன் அமர்ந்து, கம்பியை விரல்களுக்கிடையே வழிநடத்திச் சுற்றுவது அவர் வேலை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதையே செய்து, 2013-இல் ஓய்வு பெற்றார். மேடையில் புகழ்பெற்றவர்கள் பலர். அவர்களுக்கு ஓசை தந்த விரல்களை நெடுங்காலம் யாரும் அறியவில்லை. பரலோகத்தின் பிதா அந்தரங்கத்தில் செய்யப்படுவதைக் காண்கிறவர் என்று நாம் விசுவாசிக்கிறோம் அல்லவா?

நமது பழைய கிட்டாரை, மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார்; முள் அசையவில்லை. "ஐயா, எங்கேயோ அறுந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு மெல்லிய கம்பியை நான் கட்டியதில்லை" என்றார். அவர் சொன்னது சரியே. அந்தக் கம்பி ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் கனமுடையது, தலைமுடியைப் போன்றது. ஒரு காயிலில் எட்டாயிரம், பத்தாயிரம் சுற்றுகள் இருக்கும். வியர்வையும் ஈரமும் படிந்து பச்சை பூத்து ஓரிடத்தில் அறுந்தால் போதும், மற்ற எல்லாச் சுற்றும் நலமாயிருந்தும் முழுக் கருவியும் ஊமையாகிவிடும்.

இதைச் சரிசெய்வோர் எடுத்தவுடன் கம்பியை வெட்டி எறிவதில்லை. முதலில் வெளிமுனையைத் தேடிப் பார்க்கிறார்கள். பல வேளைகளில் பிளவு அங்கேயே இருக்கும், ஒரு சிறு பற்றவைப்பு போதும். உள்ளே அறுந்திருந்தால்தான் பழைய கம்பியை நீக்கி, அது சுற்றப்பட்டிருந்த திசையையும் காந்தத்தின் வடதென் முனைகளையும் குறித்துக்கொண்டு, புதிதாகச் சுற்றுகிறார்கள். இழுப்பு மிகுந்தால் கம்பி அறும். குறைந்தால் சுருள் தளர்ந்து வீறிடும். பின் உருக்கிய மெழுகில் அமிழ்த்தி அசையாதபடி உறுதிப்படுத்துகிறார்கள். வலிமை குன்றிய காந்தத்தையும், அதைவிட வல்ல காந்தங்களின் நடுவே வைத்து மீண்டும் வலிமை பெறச் செய்கிறார்கள். காந்தமும் சட்டமும் பழையவையே, ஓசை திரும்புகிறது.

எரேமியா குயவன் வீட்டில் கண்டதும் இதுவே. கையில் கெட்டுப்போன மண்ணைக் குயவன் வெளியே வீசவில்லை; அதே மண்ணைக் கொண்டு வேறொரு பாண்டம் செய்தான். நாமோ, ஒருவர் மௌனமாகிவிட்டால் அவர் முழுவதும் பழுதாகிவிட்டார் என்று எண்ணிவிடுகிறோம். எங்கே அறுந்தது என்று கேட்பதில்லை. ஒரு கடும் சொல்லாக இருக்கலாம். நாம் விசாரிக்காமல் விட்ட ஒரு துக்கமாக இருக்கலாம்.

சென்ற வாரம் அந்தச் சகோதரரின் வீட்டுக்குப் போனேன். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதிகம் பேசவில்லை, தேநீர் தந்தார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. வாருங்கள் என்று நான் வற்புறுத்தவும் இல்லை; மெல்லிய கம்பியை இழுத்துச் சுற்றலாகாது. கிட்டாரும் இன்னும் பொருளறையில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஏற்ற கையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் நீங்களும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு நம்மோடு பாடி, இப்பொழுது மௌனமாயிருக்கும் ஒருவர். அவர் வீட்டுக்குப் போங்கள். அறிவுரை வேண்டாம், செவி கொடுங்கள்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, எங்களில் அறுந்துபோன இடத்தை நீர் அறிவீர். எங்களை எறிந்துவிடாமல் உம் கையில் எடுத்தருளும். நாங்கள் ஒதுக்கிவைத்தவர்களைத் தேடிச் செல்லும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.